தேர்வறையில் கேட்ட அஸர் பாங்கு

முதல் தடவை மருத்துவ நுழைவுத் தேர்வில் நான் தோற்றது படிக்காததால் அல்ல. நேரம் போதாமல் தோற்றேன். கடைசி மணி அடித்தபோது உயிரியலில் நாற்பது கேள்விக்கு மேல் தொடாமலே கிடந்தன. அவ்வளவும் எனக்குத் தெரிந்தவை. கேள்வித்தாளை வாங்கிக்கொண்டு வெளியே வந்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தேன். இதற்கு விடை இது, அதற்கு விடை அது என்று வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. தெரியாமல் விட்டிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

என் பெயர் ரிஸ்வானா. காரைக்கால்தான் ஊர். அத்தா துபாயில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். அம்மாவும் நானும் இங்கே. என் கோளாறு என்னவென்றால் பிடிவாதம். ஒரு கணக்கு வரவில்லை என்றால் அதை விட்டு நகர மாட்டேன். என்னைப் பார்த்து அது சிரிப்பது போல இருக்கும். இந்தத் தேர்விலோ மூன்று மணி நேரத்தில் நூற்றெண்பது கேள்விகள். ஒன்றோடு மல்லுக்கட்டி நின்றால் பின்னால் பத்து போய்விடும். பயிற்சி வகுப்பில் சார் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். முதலில் உயிரியல், பிறகு வேதியியல், இயற்பியல் கடைசியில் என்றார். தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து இயற்பியலைத்தான் முதலில் திறப்பேன்.

இரண்டாவது வருஷம் அத்தா விடுப்பில் வந்திருந்தார். தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரிஸ்வா, இந்த ஒரு தடவதாம்மா. வரலன்னா இங்கயே காலேஜ்ல ஏதாவது டிகிரில சேந்துடு. அம்மாகிட்ட ரெண்டு எடத்துலேருந்து ஒன்னக் கேட்டிருக்காங்க. நானும் எத்தன நாளைக்குத் தட்டிக் கழிக்கிறது?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் எதிர்த்துப் பேசியிருப்பேன். தணிந்த குரலில் சொன்னார். சரி அத்தா என்றேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மாதிரித் தேர்வு எழுதும்போது கைப்பேசியில் ஓடுகிற நேரத்தைப் பார்த்தாலே உள்ளங்கை வியர்த்தது.

எனக்கு ஒரே ஒரு துஆதான் இருந்தது. அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அதையே கேட்டேன். யா அல்லாஹ், என் நேரத்தில் பரக்கத் செய். கொஞ்சம் சோறு ஆக்கினாலும் வந்தவர்களுக்கெல்லாம் போதுகிறதே, அதைத்தான் நாங்கள் பரக்கத் என்போம். அதே போல அந்த மூன்று மணி நேரமும் எனக்குப் போதவேண்டும். வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

போன வருஷம் மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் மண்டையைப் பிளந்தது. நண்பகல் தொழுகையான லுஹரை முன்நேரத்திலேயே தொழுதுவிட்டு அத்தாவும் நானும் ஆட்டோவில் போனோம். தேர்வு மையம் கோட்டுச்சேரி போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பக்கம் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. சோதனை எல்லாம் முடிந்து இடத்தில் போய் உட்கார்ந்தேன். கைக்கடிகாரம் கட்டக் கூடாது என்பது முன்பே தெரியும். அறையில் சுவர்க் கடிகாரம் இருக்கும் என்று தைரியமாக வந்திருந்தேன். இருந்தது, என் முதுகுக்குப் பின்னால். கண்காணிக்க வந்த மேடம், யாரும் தலையைத் திருப்பக் கூடாது, முடிய அரை மணி நேரம் இருக்கும்போது ஒரு மணி அடிக்கும், முடியும்போது இன்னொரு மணி அடிக்கும் என்று சொல்லிவிட்டார்.

பிஸ்மில்லாஹ் சொல்லித் தாளைப் பிரித்தேன். உயிரியலுக்குப் போகவேண்டும் என்று நூறு தடவை மனதில் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் இயற்பியலின் முதல் கேள்வி சுலபமாகத் தெரிந்தது. இதை மட்டும் போட்டுவிட்டுப் போகலாமே என்று ஆரம்பித்தேன். இரண்டாவதும் வந்தது. அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது. நடுவில் சாய்தளத்தில் இரண்டு கட்டைகள் சறுக்குகிற கணக்கு ஒன்று. போட்டேன், கொடுத்த நான்கு விடைகளிலும் என் விடை இல்லை. மறுபடி போட்டேன், வேறு எண் வந்தது. அதை முடிக்காமல் அடுத்ததற்குப் போக மனம் வரவில்லை. ஒரு வழியாகப் போனால் அங்கே இன்னொன்று நின்றது.

எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. பத்து நிமிடமா, ஒரு மணி நேரமா? லேசாகக் கழுத்தைத் திருப்பினேன். மேடம் பார்த்துவிட்டார். "திரும்பாதம்மா" என்றார். எல்லோரும் என்னைப் பார்ப்பது போல இருந்தது. பேனா வழுக்கியது. போன வருஷம் விட்டுப் போன அந்த நாற்பது கேள்விகள் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. இதுவும் போச்சு என்று நினைத்தேன். குனிந்தபடியே உள்ளுக்குள் கதறினேன். ரப்பே, எனக்கு நேரம் வேண்டும். எப்படியாவது நேரத்தைக் கொடு.

கேட்டு வாய் மூடவில்லை, எங்கோ பக்கத்துப் பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள்.

எங்கள் தெருப் பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கு அழைக்கும் அஸர் பாங்கை நாலரை மணிக்கு மேல்தான் சொல்வார்கள். பிறந்ததிலிருந்து என் காதுக்குப் பழகிய நேரம் அது. தேர்வு ஐந்து மணிக்கு முடிகிறது. அப்படியென்றால் அரை மணி நேரத்துக்கான அந்த மணி அடித்தது கூட எனக்குக் கேட்கவில்லை! இயற்பியல் கூட முடியவில்லை. உயிரியல் தொண்ணூறு கேள்வியும் அப்படியே கிடக்கிறது. நேரத்தைக் கொடு என்று கேட்டேன், இருந்ததையும் பிடுங்கிக்கொண்டாயே என்று மனம் குமுறியது. அப்படி நினைத்ததற்கு அவன் என்னை மன்னிக்கட்டும்.

அழக்கூட நேரமில்லை. அந்தக் கட்டைகளையும் சாய்தளத்தையும் அப்படியே விட்டேன். என் வாழ்க்கையில் ஒரு கணக்கைப் பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை. தாளைப் புரட்டி உயிரியலுக்குப் போனேன். படித்தேன், வட்டத்தைக் கறுப்பாக்கினேன், அடுத்தது. தெரியாததை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டினேன். மணி அடிப்பதற்குள் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்றே ஓடியது. உயிரியல் முடிந்துவிட்டது. மணி அடிக்கவில்லை. வேதியியலுக்குத் தாவினேன். அதிலும் தெரிந்ததையெல்லாம் போட்டேன். கை வலித்தது. மணி மட்டும் அடிக்கவே இல்லை.

கடைசியில் அடித்தது.

பேனாவைக் கீழே வைத்தேன். இயற்பியலில் பாதி போச்சு, பரவாயில்லை, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் மற்றவர்கள் யாரும் பேனாவை வைக்கவில்லை. மேடம் என்னிடம் வந்து குனிந்தார்.

"ஏம்மா சும்மா ஒக்காந்துட்ட? ஒடம்புக்கு முடியலயா? இன்னும் அரமணி நேரம் இருக்கும்மா, எழுது."

எனக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. எங்கள் ஊரில் ஹனஃபி, ஷாஃபி என்று இரண்டு மார்க்கச் சட்டப் பிரிவுகளின் பள்ளிவாசல்களும் உண்டு. நாங்கள் ஹனஃபி. எங்களுக்கு அஸர் நேரம் தாமதமாகத்தான் வரும். ஷாஃபி பள்ளிவாசல்களில் மூன்றரை மணி வாக்கிலேயே பாங்கு சொல்லிவிடுவார்கள். இது எனக்குத் தெரியாத விஷயமா? பள்ளிக்கூடத்தில் என் தோழிகளில் பாதிப்பேர் ஷாஃபிகள். ஆனால் அந்த நேரத்தில் அது என் நினைவுக்கே வரவில்லை. வந்திருந்தால் இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே என்று அந்தச் சாய்தளத்திலேயே கிடந்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

மிச்சமிருந்த அரை மணி நேரத்தில் இயற்பியலுக்குத் திரும்பினேன். பதற்றம் அடங்கியிருந்தது. பதினைந்துக்கு மேல் போட்டேன். அந்தக் கட்டைகள் கணக்கு மட்டும் கடைசிவரை வரவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளியே அத்தா வாசலுக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தார். ஆட்டோவில் வரும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார். விடுப்பு முடிந்து துபாய்க்குப் போய்விட்டார். முடிவு வரும்வரை அம்மாவும் நானும் பட்ட பாட்டை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. முடிவு வந்தது. அல்லாஹ் போதுமான மதிப்பெண் கொடுத்தான். கலந்தாய்வில் இடமும் கிடைத்தது.

அத்தாவுக்குக் கைப்பேசியில் சொன்னபோது முதலில் அல்ஹம்துலில்லாஹ் என்றார். பிறகு சொன்னார்.

"அன்னிக்கு அந்தப் பாங்கு எனக்கும் கேட்டுச்சும்மா. நமக்கு இன்னும் நேரமாவலன்னு தெரியும். இருந்தாலும் வெளிய நிக்க முடியல, பயமா இருந்துச்சு. அந்தப் பள்ளிவாசலுக்குள்ள போயி அவங்களோட ஒக்காந்து கையேந்திட்டேன்."

என்ன கேட்டீங்க என்றேன்.

"நீ டாக்டராவணும்னு கேக்கல. எம் பொண்ணு தெரிஞ்சதையெல்லாம் எழுதிட்டு வரணும், அது போதும்னு கேட்டேன்."

இப்போது முதலாம் ஆண்டு படிக்கிறேன். பாங்கு கேட்டால் முன்போல இதோ இதோ என்று உட்கார்ந்திருப்பதில்லை, தொழ எழுந்துவிடுகிறேன். வராத பாடத்தை மூடிவைத்துவிட்டு வருவதைப் படிக்கவும் பழகிவிட்டேன். விடுதித் தோழி ஒருத்தி, அது தினமும் சொல்கிற பாங்குதானே, இதில் என்ன அதிசயம் என்றாள். தினமும் சொல்கிற பாங்குதான். நான் கதறிய அந்த நேரத்தில் சொன்னார்களே, எனக்கு அது போதும்.

இந்த வருஷம் தேர்வு எழுதப் போகிற என் தங்கைகளே, தம்பிகளே, நன்றாகப் படியுங்கள். படித்துவிட்டு, உங்கள் நேரத்தில் பரக்கத்தைக் கேளுங்கள். உங்களுக்காக வாசலில் நிற்கிறவர்களையும் கேட்கச் சொல்லுங்கள். கேட்டதற்கு நேர்மாறாக நடப்பது போலத் தெரியலாம். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அந்த நேரத்தில் அல்லாஹ்விடம் கோபித்துக்கொண்டாவது அடுத்த கேள்விக்குப் போங்கள்.