தங்கைக்குப் போன சின்ன மாத்திரை

மடிப்பு அண்ணன் இஸ்திரி போட்ட சட்டைக் கையை வைத்துக் காய்கறி நறுக்கலாம் என்று தெருவில் கேலி பேசுவார்கள். அந்தப் பேர் வந்ததே அதனால்தான். இரண்டு அக்காக்களுக்குக் கீழே பிறந்தவர். அவருக்குக் கீழே ஒரே ஒரு தங்கை. அக்காக்கள் வாழப்போன பிறகு தங்கையைத் தோளில் போட்டு வளர்த்து, நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். தங்கை தும்மினால் இவருக்குக் காய்ச்சல் வரும்.

அப்படிப்பட்டவருக்குக் காசநோய் வந்தது. ஆறு மாதம் மாத்திரை போடச் சொன்னார்கள். மனுஷன் ஒரு நாள் தவறவில்லை. இரண்டாம் மாதமே இருமல் ஓடிப்போனது. மூன்றாம் மாதம் உள்ளங்கால் எரிந்தது, பிறகு மரத்தது. ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்தவரை வாசலிலேயே நிறுத்தினாள் மனைவி.

"ஒத்தைச் செருப்போட வர்றீங்களே, இன்னொண்ணு எங்கே?"

"கால்லதான் இருக்கு" என்று குனிந்து பார்த்தார். இல்லை.

"பேன்ட்டாவது இடுப்புல இருக்கே, அந்த மட்டும் சரி" என்றாள்.

அவரும் சிரித்தார். மறுநாள் அந்தச் சிரிப்பு போய்விட்டது. விரல் நுனியை நனைத்துப் இஸ்திரிப் பெட்டியின் அடியைச் சுண்டித்தான் அவர் சூடு பார்ப்பார். முப்பது வருஷப் பழக்கம். அன்று சூடு உறைக்காமல் விரல் பெட்டியிலேயே நின்றுவிட்டது. கருகல் வாசம் வந்ததும் பதறி, மேஜைமேல் கிடந்த வெள்ளைச் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். சட்டை சுத்தமாக இருந்தது. கருகியது விரல்.

விரல் போனால் தொழில் போச்சு. அது யாரும் சொல்லித்தான் அவருக்குத் தெரியவேண்டும் என்பதில்லை.

"எல்லாம் அந்த மாத்திரை பண்ற வேலை, அத்தான்" என்றான் மனைவியின் தம்பி. "இருமல்தான் நின்னுடுச்சே, நிறுத்திடுங்க."

முதல் பாதி சரி, பின்பாதி தப்பு. ஆனால் அண்ணன் எதையும் ஒளித்துச் செய்கிறவர் இல்லை. மிச்ச மாத்திரைப் பட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கும் நர்ஸம்மாவிடமே திருப்பிக் கொடுக்கப் போனார். துணைக்குத் தங்கையும் வந்தாள்.

"பாதியில நிறுத்தினா நோய் திரும்பி வரும். அப்போ இந்த மருந்துக்கு அடங்காது" என்றார் நர்ஸம்மா. "இது நரம்பைக் கெடுக்கும்னுதானே கூடவே ஒரு சின்ன மாத்திரை கொடுத்தோம். அதைப் போடுறீங்களா?"

அண்ணன் விரலில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்தார்.

"அது சத்து மாத்திரைதானேம்மா. எனக்கெதுக்குன்னு தங்கச்சிக்குக் கொடுத்துட்டேன். அவ சோர்வா இருக்குன்னா. ரொம்ப மெலிஞ்சவ."

நர்ஸம்மா பெஞ்சைப் பார்த்தார். இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு. தங்கை ஒருத்தியே அதை நிறைத்து உட்கார்ந்திருந்தாள்.

"மெலிஞ்சவங்க இவங்கதானா?"

"அண்ணன் கண்ணுக்கு நான் இன்னும் அஞ்சு வயசுதான்" என்று தங்கை சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. "உன் கையை நான்தானா தின்னேன்?"

டாக்டர் ஊசி முனையால் விரல்விரலாகத் தொட்டுப் பார்த்தார். பெரிய மாத்திரைகள் அப்படியே தொடரட்டும் என்றார். சின்ன மாத்திரையின் அளவைக் கூட்டினார். சீக்கிரம் வந்ததால் சரியாகும், ஆனால் நரம்பு மெதுவாகத்தான் திரும்பும் என்றார்.

அன்றிலிருந்து மாத்திரை போடவைக்கத் தங்கை காலையில் கடைக்கு வந்துவிடுவாள். "வாயைத் திற. நாக்கைத் தூக்கு." துணி கொடுக்க வந்தவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அண்ணன் கோபப்பட்டதே இல்லை. விரலை நம்பமுடியாத அந்த நாட்களில் பெட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது சீறும் சத்தத்தில் சூடு பார்க்கப் பழகினார். மடிப்பு ஒரு நூல் பிசகவில்லை.

ஆறு மாதம் முடிந்தது. நோய் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்கும் சில வாரம் கழித்து ஒரு காலை, தங்கையோடு கடைக்கு நடந்து போகும்போது அண்ணன் சட்டென்று நின்றார். தங்கை பயந்துபோய்க் கையைப் பிடித்தாள்.

"என்னண்ணா?"

"செருப்புக்குள்ள கல்லு. குத்துது."

"எடுத்துப் போடேன்."

"இரு, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, கல்லை எடுக்காமலே கடைவரைக்கும் நடந்தார்.