மகள் வீட்டுத் தண்ணீர்

என் அப்பா கஜ்ஜன் சிங் தன் எண்பத்து மூன்றாம் வயதில் என் வீட்டுக்கு வந்து தங்கினார். என் வீட்டுக் கட்டிலில் படுத்து, பக்கத்துத் தோப்புக்காரனுக்குக் கேட்கும்படி குறட்டை விட்டார். ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் அங்கே ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

எங்கள் ஆட்களில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அப்பன் கை நனைக்க மாட்டான். அந்த ஊர் வழியாக நடந்து போனால்கூடத் தண்ணீரைக் கையோடு கொண்டுபோவான். கொடுத்த இடத்தில் திரும்ப வாங்கித் தின்னக் கூடாது என்பது கணக்கு. பஞ்சாபில் இப்போது பாதிப்பேர் அதை விட்டுவிட்டார்கள். என் அப்பா விடுகிற ஆள் இல்லை. அவர் மகள்தானே நான், எனக்குத் தெரியாதா?

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நச்சத்தர் கௌர், ஐந்தாம் வகுப்பு. பத்தொன்பது வயதில் கல்யாணமாகி கலிபோர்னியாவில் இந்த யூபா சிட்டிக்கு வந்தேன். பீச் பழத் தொழிற்சாலையில் கொட்டை எடுக்கும் வரிசையில் நின்றேன். இன்று தொண்ணூறு ஏக்கர் பீச்சும் வால்நட்டும் என் பெயரில் நிற்கின்றன. என் வீட்டுக்காரர் தங்கமான மனிதர், ஆனால் டிரெய்லர் மாட்டிய டிராக்டரைப் பின்னால் எடுக்க அவருக்குக் கடைசிவரை வரவில்லை. நான்தான் எடுப்பேன். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. குடியுரிமைப் பரீட்சைக்கு நூறு கேள்விகளையும் மரத்தில் ஏணி சாய்த்துக் கிளை வெட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தவள் நான். ஆறு சரியானதும் போதும் என்று நிறுத்திய அதிகாரியிடம், "மீதியையும் கேளு, ராத்திரியெல்லாம் படிச்சது வீணாப் போகுது" என்று சொன்னேன்.

அப்பாவும் அம்மாவும் பஞ்சாபில் நகோதர் பக்கத்தில் இருந்தார்கள். என் ஒரே தம்பி கேவல் சிறுநீரகம் கெட்டு இறந்த பிறகு அந்தப் பெரிய வீட்டில் இரண்டு கிழங்களும் நான்கு எருமைகளும்தான் மிச்சம். என் மகள் ரூபியின் கல்யாணத்துக்கு என்று சுற்றுலா விசாவில் வந்தார்கள். உண்மையாகவே கல்யாணத்துக்குத்தான் வந்தார்கள். திரும்பிப் போக டிக்கெட் இருந்தது, எருமைகளைப் பார்க்க ஆள் இருந்தான். விமான நிலையத்தில் ஆறு மாதம் முத்திரை குத்தி அனுப்பினார்கள்.

வந்த மறுநாளே அப்பா பாதையைக் கண்டுபிடித்துவிட்டார். என் வீட்டிலிருந்து குருத்வாரா ஒன்றேகால் மைல். காலை ஐந்து மணிக்குக் கைத்தடியோடு கிளம்புவார். அங்கே லங்கரில், எல்லோருக்கும் இலவசமாகச் சோறு போடும் சமையற்கூடத்தில், வெங்காயம் உரிப்பார், பாத்திரம் கழுவுவார், எல்லோரோடும் தரையில் உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிடுவார். சாயங்காலம் மறுபடி ஒரு நடை. வரும்போது ஒரு பிளாஸ்டிக் கேனில் அங்கிருந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்வார்.

"பாப்புஜி, இங்க வர்ற தண்ணியும் அதே குழாய்த் தண்ணிதான்" என்றேன்.

"குழாய் யார் வீட்டுச் சுவத்துல இருக்குங்கறதுதான் கணக்கு, நச்சோ."

அம்மாவுக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. தேஜ் கௌர் முதல் நாளே என் சமையலறையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நெய்யில் புரட்டிய பராத்தா மூன்று தின்றாள். "இவளுக்கு ரெண்டு வருஷம் பால் கொடுத்தேன். அந்தப் பாக்கிய வசூல் பண்றேன்" என்றாள்.

நான்காம் மாதத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு தப்பியது. ஆனால் அன்று ஈரத் தலையோடு உட்கார்ந்துகொண்டு அவள் கேட்டது எனக்குள் தைத்துவிட்டது. "அங்க நான் இப்படி விழுந்தா, கதவை உடைக்க யாருடி வருவா? எருமையா வரும்?"

மறுநாள் வக்கீலம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். பிள்ளை குடிமகளாக இருந்தால், முறையாக விசாவில் உள்ளே வந்த பெற்றோருக்கு இங்கே இருந்தபடியே நிரந்தர வசிப்புக்கு மனுப் போடலாம் என்றாள். முடிகிறவரை நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது, போனால் மனு செத்தது. கூடவே நான் ஒரு உறுதிப் பத்திரம் போட வேண்டும்: இவர்களுக்குச் சோறு, துணி, கூரை எல்லாம் என் பொறுப்பு, அரசாங்கத்திடம் கையேந்த விடமாட்டேன்.

அதை அப்பாவிடம் மறைக்கவில்லை. மறைத்துக் கையெழுத்து வாங்குவது என் பழக்கம் இல்லை.

அவர் எழுந்தே விட்டார். "என்னைப் பொண்ணு சோத்துல வளக்கறான்னு சர்க்காருக்கு எழுதிக் குடுத்திருக்கியா? பதினாலாம் தேதி டிக்கெட் இருக்கு. நான் போறேன். மக வீட்டுல தின்னவன் நாய்க்குச் சமம்னு எங்கப்பா சொல்வாரு."

அம்மா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "உங்கப்பாவுக்குப் பொண்ணே கிடையாதே. அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிட்டாரு."

"நீ சும்மா இரு."

"நச்சத்தரோட அப்பா, கேட்டுக்குங்க. நான் கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க போங்க. எருமையைக் கறந்து, மாவு பிசைஞ்சு, ரொட்டியும் நீங்களே சுட்டுக்குங்க. அம்பத்தெட்டு... இல்ல, அறுபத்திரண்டு வருஷமா அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது உங்களுக்கு."

அப்பா இரண்டு நாள் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். மூன்றாம் நாள், "கையெழுத்துதானே? போடறேன். வாயை மட்டும் யாரும் வாங்க முடியாது" என்று சொல்லிவிட்டு, குர்முகி எழுத்தில் தன் பெயரைப் பெரிதாக, கட்டம் மீறி எழுதினார்.

ஜனவரியில் சேக்ரமென்டோவுக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்கக் குருத்வாராவிலிருந்து தர்லோசன் வந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், நேரான மனிதர். போகிற வழியில் காரை ஓட்டிக்கொண்டே அவரிடம் சொல்லிவைத்தேன். "வீர்ஜி, அப்பா ஏதாவது ஏடாகூடமாச் சொன்னா கொஞ்சம் மழுக்கிச் சொல்லுங்க."

"அங்க கையைத் தூக்கி சத்தியம் பண்ணணும் பெஹன்ஜி. அவரு உளி மாதிரி பேசினா நான் உளி மாதிரிதான் சொல்லுவேன்."

அதிகாரி மூக்குக் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். அம்மாவின் முறை பத்து நிமிடத்தில் முடிந்தது. அவள் எல்லாவற்றுக்கும் சிரித்தாள், அவரும் சிரித்தார். அடுத்து அப்பா. பெயர், பிறந்த ஊர், வந்த தேதி எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு அதிகாரி சும்மா ஒப்புக்குக் கேட்பதுபோல் கேட்டார்: "இங்கே உங்களை யார் பராமரிக்கிறார்கள்?"

"யாரும் இல்ல. எனக்குக் கை கால் இருக்கு."

தர்லோசன் அப்படியே சொன்னார். அதிகாரி நிமிர்ந்தார்.

"மகள்தானே சாப்பாடு போடுகிறார்?"

"இவளா? இவ வீட்டுல இன்னிக்கு வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி குடிச்சதில்ல. குருத்வாராவுல குரு போடறாரு, நான் சாப்பிடறேன்."

"அங்கே வேலை செய்கிறீர்களா?"

"தினமும். காலைல ஆறுலேர்ந்து ஒம்போது. என் அளவுக்கு வெங்காயம் உரிக்க இந்த ஊர்ல ஆள் இல்ல."

"சம்பளம்?"

"ரொட்டி."

அதிகாரி பேனாவை எடுத்து நிறைய எழுதினார். பிறகு என் உறுதிப் பத்திரத்தை மேசையில் என் பக்கம் திருப்பி வைத்தார். "மேடம், நீங்கள் சாப்பாடு போடுவதாக இதில் எழுதியிருக்கிறது. இவர் இல்லை என்கிறார். அனுமதி இல்லாமல் உணவுக்காக வேலை செய்வதாகவும் சொல்கிறார். இரண்டில் எது பொய்?"

அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த நகோதர் வீட்டின் ஈரத் தரையும் பூட்டிய கதவும் எனக்குக் கண்முன் வந்தன.

நான் பெருமை பேசுகிறவள். ஊருக்கே தெரியும். ஆனால் ஒரே ஒரு விஷயத்தை இருபத்திரண்டு வருடமாக என் மகளிடம்கூடச் சொன்னதில்லை. குருவுக்குக் கொடுப்பதை வாய்விட்டுச் சொன்னால் அது கொடுத்ததாகாது. அன்று அந்த அறையில் அதை உடைத்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், எழுந்து நின்று சொன்னேன்.

"ரெண்டும் பொய் இல்ல, சார். என் வரித்தாள் உங்க கையிலதானே இருக்கு? பின்னாடி புரட்டுங்க. தானம்னு ஒரு பக்கம் இருக்கும். என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

புரட்டினார். "கோதுமை மாவு" என்று படித்தார்.

"மாசம் பத்து மூட்டை. எனக்கு முதல் அறுவடை வந்த வருஷத்துலேர்ந்து. எழுத வேண்டாம்னுதான் சொன்னேன், கணக்குக்காரன் கேக்கல. இவரு பதினோரு மாசமாத் தின்ன ரொட்டி எந்த மாவுன்னு நினைக்கிறீங்க? அப்புறம் அது வேலை இல்ல, சார். அங்க டாக்டரும் வெங்காயம் உரிக்கறாரு, லாரிக்காரனும் உரிக்கறான், தேர்தல் வந்தா ஓட்டுக் கேக்க வர்றவங்களும் உரிக்கறாங்க. கூலி யாருக்கும் கிடையாது. ரொட்டி எல்லாருக்கும் உண்டு. உரிக்காத ஆளுக்கும் உண்டு. நீங்க வந்தா உங்களுக்கும் உண்டு."

தர்லோசன் இதைப் பஞ்சாபியில் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். மாவு என்ற இடத்தில் அப்பாவின் தலைப்பாகை மெல்ல என் பக்கம் திரும்பியது. அந்தப் பார்வையை எழுத எனக்குப் படிப்புப் போதாது.

"உங்களுக்கு இது தெரியுமா?" என்று அதிகாரி அவரிடம் கேட்டார்.

அப்பா தொண்டையைச் செருமினார். "குருவுக்குக் குடுத்த பிறகு அது இவ மாவு இல்ல. குருவோட மாவு."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "சரி. நாளைக்கே அந்தக் கோயில் மூடிவிட்டால் உங்களுக்கு யார் சாப்பாடு போடுவார்கள்?"

தர்லோசன் கேள்வியைச் சொல்லி முடித்தார். அம்மா என்னை விட்டுவிட்டு அப்பாவின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளியதை நான் பார்த்தேன். அப்பா அவளைப் பார்க்கவில்லை. கைத்தடியைப் பார்த்தார், அதிகாரிக்குப் பின்னால் இருந்த கொடியைப் பார்த்தார், கடைசியில் என் கையைப் பார்த்தார். கிளை வெட்டி வெட்டிக் காய்த்துப்போன கை.

"இவ போடுவா" என்றார். "என் மக. கேக்காமலேயே போடுவா."

அதிகாரி எழுத ஆரம்பித்ததும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "ஆனா குருத்வாரா மூடாது. அதையும் எழுதிக்கச் சொல்லு."

தர்லோசன் அதையும் சொன்னார். சத்தியம் சத்தியம்தானே.

திரும்பி வரும்போது, கார் பாலம் தாண்டிய பிறகு அப்பா பின்சீட்டிலிருந்து கேட்டார்.

"பத்து மூட்டையா?"

"ஆமா, பாப்புஜி."

"இருபத்திரண்டு வருஷமா?"

"ஆமா."

"கேவல்கூடச் செஞ்சதில்ல." முன்னால் குனிந்து, "பதினொண்ணாக்கு. ஒரு ஆளு ஜாஸ்தியாத் தின்னுக்கிட்டிருக்கான்" என்றார்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரித்தாளா அழுதாளா, நான் கேட்கவில்லை.

ஆறு வாரத்தில் இருவருக்கும் நிரந்தர வசிப்பு அட்டைகள் தபாலில் வந்தன. உறவுக்காரர் ஒருவர் குருத்வாரா வாசலில் எல்லோர் முன்னாலும், "என்ன கஜ்ஜன் சிங், மக வீட்டோட நிரந்தரமாயிட்டியாமே?" என்று குத்தினார். நான் வாய் திறக்கும் முன்பே அப்பா திருப்பிக் கொடுத்தார். "ஆமாய்யா. சர்க்கார் முத்திரையோட. உன் மக உனக்கு அப்படி எழுதிக் குடுப்பாளா? போய்க் கேட்டுட்டு வா."

இப்போதும் அவர் காலை ஐந்து மணிக்குப் போகிறார். மாதப் பிறப்பன்று மாவு மூட்டைகளை வண்டியில் ஏற்றும்போது பக்கத்தில் நின்று கைத்தடியால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கிறார். ரொட்டி இன்னும் என் வீட்டில் சாப்பிடவில்லை. அட்டை வந்த அன்று மட்டும் கட்டிலுக்கு அடியில் இருந்த கேனைத் தானே எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். குழாயைத் திறந்து நிரப்பினார். அங்கேயே நின்றபடி அண்ணாந்து குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"உப்புக் கரிக்குது" என்றார். "நம்ம ஊர்க் கிணத்துத் தண்ணி மாதிரி இல்ல."

"பிடிக்கலன்னா ஊத்திடுங்க, பாப்புஜி."

"ஏன் ஊத்தணும்? நீ போட்ட குழாய்தானே?" என்று கேனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.