சக்களத்தி இல்லை, சீட்டுக்கட்டு

என் வீட்டுக்காரர் சீட்டாடுகிறார் என்று தெரிந்த அன்று நான் காமாட்சி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினேன். சிரிக்காதீர்கள். பொழுது சாய்ந்தால் காணாமல் போகிறவருக்கு எங்கேயோ ஒருத்தி இருக்கிறாள் என்று அதுவரை வயிறு எரிந்துகொண்டிருந்தேன். சீட்டுதானே என்று மனசு லேசாகிவிட்டது. என்ன புத்தி பாருங்கள்! சக்களத்தியாக இருந்தால் மயிரைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். சீட்டுக்கட்டை என்ன செய்வது?

அரசாங்க லாட்டரி வந்த புதிது. பிள்ளையார்பாளையத்தில் அமாவாசை என்றால் தறிக்கு விடுமுறை. அன்று சாயப்பட்டறைக்குப் பின்னால் மங்காத்தா நடக்கும். மற்ற ஆம்பளைகள் அமாவாசையோடு நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் வாரத்துக்கு நாலு அமாவாசை வந்தது. தறியில் உட்கார்ந்தால் கால் மிதிக்கும், கண் வாசலில் இருக்கும். கேட்டால் எரிந்து விழுவார். பிறகு பொய் சொல்வார். அதற்கும் பிறகு, "இன்னியோட சரி" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். என் தலை தேய்ந்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் எங்கள் பாவு நாள் வந்தது. புடவைக்கான நீள நூலைத் தெரு நெடுக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, ஈரம் காய்வதற்குள் இழை இழையாகப் பிரித்துவிட வேண்டும். விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பட்டு பாழாகிவிடும். அதனால் யார் வீட்டுப் பாவானாலும் தெருவே வந்து கைகொடுக்கும்; பாவுக்குச் சொந்தக்காரர் அந்த இடத்தைவிட்டு நகரவே மாட்டார். இவரோ கஞ்சி சொட்டிக்கொண்டிருக்கும்போதே, "பீடி வாங்கிக்கினு வரேன்" என்று கிளம்பினார். வெயில் ஏறியது. ஆள் வரவில்லை. அவமானத்தில் அழுதுகொண்டே நூலைப் பிரித்தேன். எதிர்வீட்டு நெசவாளி, எங்களைவிட மூத்தவர், "அழுவாதம்மா, வேலயப் பாரு" என்று முன்னால் நின்று முடித்துக் கொடுத்தார்.

உச்சிவேளைக்கு வந்து சேர்ந்தவர், காய்ந்து பத்திரமாகச் சுருட்டி வைத்திருந்த பாவைப் பார்த்தார். ஒருவரும் அவரைத் திட்டவில்லை. அதுதான் அவரைச் சுட்டது என்று நினைக்கிறேன். எதிர்வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து தேம்பினார்.

"நூலு ஈரமா இருக்குதுன்னு தெரியும்ணா. தெரிஞ்சும் காலு நிக்கல. என்னால விட முடியலணா."

"எனக்குத் தெரியாதா? நானும் ஆடினவன்தான்பா. என் தங்கச்சி பொண்ணுக்குக் காது குத்தறப்ப, மடியில வெச்சிக்க வேண்டிய தாய்மாமன் நானு, சீட்டாடிக்கினு இருந்தேன். இது ஒரு சீக்குபா. தனியா நின்னா உன்னத் தள்ளிடும். கை அரிக்கறப்ப எங்கிட்ட வந்து குந்து. கொஞ்ச நேரம்தான், தானா அடங்கும்."

இவரும் போனார். அங்கே உட்கார்ந்து நூல் சுற்றுவார், வெட்டிக்கதை பேசுவார், சில நாள் அவரோடு சண்டைகூடப் போடுவார். அமாவாசை வந்தால் இருவரும் சைக்கிள் மிதித்துத் தென்னேரிக்குப் போய் ஏரியில் குளித்துவிட்டு வருவார்கள். கூலியை என் கையில் கொடுக்கும்படி முதலாளியிடம் இவரே சொல்லிவிட்டார். நான் லேசில் நம்பிவிடுவேனா? சட்டையை மோந்து பார்க்காத குறை.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம், சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"இன்னிக்கிப் போயிட்டேன். ஆடிட்டேன். அண்ணாகிட்ட சொல்லிட்டு நேரா இங்கதான் வரேன்."

கையில் கரண்டி இருந்தது. வாயில் வசவு தயாராக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: நான் கேட்கவே இல்லை. அவராகச் சொல்கிறார். பொய்யுமில்லை, தலையில் அடித்துச் சத்தியமுமில்லை. அவர் அடியோடு விட இன்னும் ஒரு வருஷம் பிடித்தது. ஆனால் என் பயம் விட்டது அன்றைக்குத்தான். அப்பாடா என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாமே, அழுவுறியா?" என்றார் பதறிப்போய்.

"இல்லய்யா, பசிக்குது. வா, துன்னலாம்" என்றேன்.

உண்மையாகவே பசித்தது.