எனக்கு எந்த நிறமும் தெரிந்ததில்லை

பொய் சொல்லித்தான் எஸ்தரை மணந்தேன். வேலையைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ சொன்ன பொய் அல்ல. பாட்டுக் கேட்டால் எனக்கும் நிறங்கள் தெரியும் என்று சொன்னேன். தெரியாது! ஒருநாளும் தெரிந்ததில்லை.

இதெல்லாம் ஒரு குற்றமா என்று நீங்கள் சிரிக்கலாம். கேளுங்கள்.

ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையில் இருவருக்கும் வேலை. குன்றத்தூரிலிருந்து ஒரே கம்பெனி பஸ். ஒருநாள் டிரைவர் போட்ட பாட்டில் புல்லாங்குழல் வந்தது. முன் இருக்கையில் இருந்தவள் தயங்கித் தயங்கித் திரும்பினாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க... இந்தக் கொழல் சத்தத்துக்கு உங்களுக்கு எதுனா தெரியுதா? எனக்குப் பச்சையா, சுருள் சுருளா மேல போற மாதிரி கீது."

"எனக்கும் அப்டித்தாங்க தெரியுது" என்றேன். அவளுக்குப் பிடித்தவனாகிவிடும் ஆசை... அவ்வளவுதான்!

அவள் அழுதுவிட்டாள். அத்தனை பேர் நடுவில், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு. சிறுமியாக இருந்தபோது இதை அம்மாவிடம் சொன்னாளாம். பேய் பிடித்துவிட்டது என்று அம்மா சபைக்கு இழுத்துப்போய், போதகரிடம் தலையில் கைவைத்து ஜெபிக்கச் சொன்னாளாம்.

"அன்னிலேர்ந்து யாராண்டயும் சொன்னதில்ல. இப்ப உங்களாண்டதான்."

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை...

மணமான பின் பொய் இன்னும் எளிதாயிற்று. பெரும்பாலும் அவளை முதலில் சொல்லவிட்டுத் தலையாட்டுவேன். துணிச்சல் வந்த நாள்களில் நானே ஒரு நிறத்தை எடுத்துவிடுவேன். அவள் முகம் மலரும். உலகத்தில் தன்னைப் போல இன்னொருவன்! அந்த மலர்ச்சியைத் தின்றே வாழ்ந்தேன்.

ஒரு மாலை மலைக்கோயிலில் வாசித்த நாதஸ்வரம் எங்கள் வீடுவரை கேட்டது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், "இன்னா தெரியுது, நீங்க சொல்லுங்க" என்றாள்.

"நீலம்."

அவள் கை நின்றது. "போன வாரம் இதே நாதஸ்வரத்துக்குச் செவப்புன்னீங்க."

"அது... மாறும்ல?"

"எனக்கு மாறாது. சின்ன வயசுலேர்ந்து ஒருதபா கூட மாறினதில்ல."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்! பின்னாலேயே போய், "எஸ்தர், நான்..." என்று தொடங்கினேன்.

"வுடுங்க. குளிச்சுட்டு வாங்க, சாப்டலாம்."

அதன்பிறகு அவள் எந்த நிறத்தையும் என்னிடம் சொன்னதில்லை. சமைக்கிறாள், ஷிப்டுக்குப் போகிறாள், என் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறாள். பாட்டை மட்டும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்கிறாள். ஒருத்தி தனியாக இருப்பது ஒன்று. துணை இருக்கிறது என்று நம்பிக்கொண்டே இத்தனை காலமும் தனியாக இருந்திருக்கிறாள் என்றால்...?

அவள் வீட்டில் இல்லாதபோது கண்களை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்டுப் பார்க்கிறேன். வெறும் இருட்டு!

போன ஞாயிறு தண்டலத்தில் ஒரு திருமண வரவேற்பு. மேடையில் வயலின் வாசித்தார்கள். எஸ்தரின் கண்கள் மண்டபத்தின் கூரையோரமாக எதையோ மெல்லப் பின்தொடர்ந்தன, உதட்டில் சிரிப்பு. நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். என்ன தெரிகிறது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

அவள் மனமிரங்கிச் சொல்லிவிட்டால்... "ஆமா, எனக்கும்" என்று என் நாக்கு சொல்லிவிடுமே!