அம்மாவுக்கு வந்த வைரஸ்

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், ஒரே வாரத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் அம்மாவும் படுத்துவிட்டார்கள். இரண்டுக்கும் காரணம் நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது அருவங்காட்டில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா யாரிடமோ பழையதாக வாங்கிய கம்ப்யூட்டர், பூப்போட்ட துணி போர்த்தி, முன்னறையில் சாமி படத்துக்குச் சமமான மரியாதையோடு இருந்தது. பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தி, கார் பந்தயம் இருக்கிறதென்று ஒரு ஃபிளாப்பி கொடுத்தாள். யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போட்டேன். கார் வரவில்லை. மறுநாளிலிருந்து கம்ப்யூட்டர் பாதியில் பாதியில் நின்றுபோனது. அப்பா தட்டிப் பார்த்துவிட்டு, "வைரஸ் புகுந்திருச்சாட்ட இருக்குது" என்றார்.

இரண்டு நாள் கழித்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு ராத்திரி அங்கே தங்கிவிட்டு வந்தவள் உள்ளறையில் படுத்துக்கொண்டாள். என்னவென்று அப்பாவைக் கேட்டேன்.

"வைரஸ் காய்ச்சல் கண்ணு. உள்ள போய்த் தொந்தரவு பண்ணாத" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்று நான் சாப்பிடவில்லை. அதை யாரும் கவனிக்கவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை குன்னூரிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி, அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுப்பவர். நேரே உள்ளறைக்குப் போனவர் வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். ஸ்வெட்டர் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க அந்த நோயாளி?" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

பையிலிருந்து கறுப்பு ஃபிளாப்பி ஒன்றை எடுத்து, அதன் மூலையில் இருந்த குட்டித் தாழ்ப்பாளைத் தள்ளிக் காட்டினார். இனி இதற்குள் எதுவும் நுழைய முடியாதாம், வைரஸ்கூட. கம்ப்யூட்டரை அணைத்து, ஃபிளாப்பியைச் செருகி, மறுபடி போட்டார்.

"ஏன் மாமா, வைரஸைக் கம்ப்யூட்டரே தேடிக்காதா?"

"நோய் புடிச்சது தானா எந்திரிச்சா, வைரஸும் கூடவே எந்திரிச்சு ஒளிஞ்சுக்கும். ஒண்ணுமில்லைன்னு பொய் சொல்லும். வெளிய இருந்து சுத்தமான ஒண்ணு வந்து எழுப்புனாத்தான் நெசம் தெரியும்."

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துக்கள் வரிவரியாக ஓடின. மாமா அதைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே மூடியிருந்த பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா டீ போட்டு வந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். இரண்டு பேரும் அதை அப்படியே குடித்தார்கள். கம்ப்யூட்டர் பீப் என்றது. "அகப்பட்டுச்சு" என்றார் மாமா.

நான் எழுந்து குளியலறைக்குப் போனேன். விரல் விறைக்கும் தண்ணீரில் முழங்கை வரைக்கும் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். துவைத்து மடித்திருந்த கவுனை எடுத்து மாட்டிக்கொண்டேன். அப்புறம் உள்ளறைக் கதவைத் தள்ளினேன்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் காதோடு வாயை வைத்து, ஃபிளாப்பியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்னாலதாம்மா உனக்கு வந்துச்சு. கம்ப்யூட்டர்ல மாமா புடிச்சுட்டாரு. உனக்கும் பாக்கச் சொல்லட்டா?"

அடி விழும் என்றுதான் நினைத்தேன். அவள் என்னைப் போர்வைக்குள் இழுத்து, இறுக்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"உன்னால இல்ல கண்ணு. யாராலயும் இல்ல. யாரு மேலயும் தப்பில்ல."

திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். முதல் தடவை கேட்டதுமே நான் நம்பிவிட்டேன். அந்த நிம்மதியில் அங்கேயே தூங்கியும் போனேன்.

எனக்கு ஒரு தம்பியோ தங்கையோ வர இருந்ததும், அந்த வாரம் அது வராமலே போனதும் எனக்குத் தெரிய வருவதற்குள் நான் காலேஜ் முடித்திருந்தேன். சொன்னவர் மாமா. நான் தூங்கிய பிறகும் அம்மா வெகுநேரம் 'யாரு மேலயும் தப்பில்ல' என்றே சொல்லிக்கொண்டிருந்தாளாம்.