ஹெலிபேடில் உடைத்த தேங்காய்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். அப்படிப்பட்டவனை நம்பித்தான் ராணுவ ஹெலிகாப்டரின் எஞ்சினையே ஒப்படைத்தார்கள். கூடவே ஒரு துடைப்பம், ஒரு சாக்கு.

மாமல்லபுரத்துக்கு யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று சவுக்குத் தோப்பை ஒட்டிப் புதிதாக ஹெலிபேடு போட்டிருந்தோம். அன்று ஒத்திகை. கான்கிரீட்டில் கல், ஆணி, சிப்பி எதுவும் கிடக்கக் கூடாது. ஏன் என்பதை, முன்கூட்டியே வந்திருந்த ராணுவ மெக்கானிக் சொன்னார். மதுரைப் பக்கத்துக்காரர்.

"எஞ்சின் காத்தை உறிஞ்சி, அமுக்கி, எண்ணெய் தெளிச்சு எரிக்கும்ணே. அந்தச் சூட்டுக் காத்து உள்ள இருக்கிற சக்கரத்தைச் சுத்தும். சக்கரம் ஷாஃப்டைச் சுத்தும், ஷாஃப்ட் மேல இருக்கிற விசிறியைச் சுத்தும். உள்ள ஒரு சின்னக் கல்லு போனாக்கூட பிளேடு உடையும். அது பக்கத்து பிளேடை உடைக்கும்."

"அப்புறம் சார்?"

"அப்புறம் என்னண்ணே, உள்ள நாலு பேர் இருப்பாங்க."

கேஸை மூடினோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிற என்னைப் போன்ற ஆளிடம் சொல்ல வேண்டிய விஷயமா இது! மூன்று தடவை பெருக்கினேன். நான்காவது தடவை மண்டியிட்டுக் கையாலேயே தடவினேன்.

நிமிர்ந்தால், எங்கள் மேஸ்திரி நட்ட நடுவில் தேங்காயோடு நிற்கிறார். எந்த வேலை முடிந்தாலும் சிதறு தேங்காய் போடாமல் அவர் இடத்தை விட்டு நகர்ந்ததில்லை. நான் "அய்யோ" என்பதற்குள் படார்.

"இன்னா அண்ணாத்த, இப்டிப் பண்ணிட்ட!"

"எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னுதான்பா."

அதற்காக எஞ்சின் இறங்குகிற இடத்திலேயே ஓட்டுச் சில்லை இறைத்த பக்தியை என்ன சொல்ல? கோயிலென்றால் அடித்துப் பிடித்துப் பொறுக்க ஊரே வரும். இங்கே நான் ஒருவன். துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவைத்துப் பார்த்தேன். இரண்டு கண்தான் இருந்தது. மூன்றாவது கண் உள்ள துண்டைக் காணோம்.

முட்டுக்காடு பக்கமிருந்து ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது.

"வுடுபா, காத்துல பூடும்" என்றார் மேஸ்திரி.

"எங்க பூடும்னுதான் அண்ணாத்த பயமே!"

சொன்னால் எங்கள் இருவருக்கும் வேலை போகும். சொல்லாவிட்டால் நாலு பேர். மெக்கானிக்கிடம் ஓடிச் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வயர்லெஸ்ஸில் ஏதோ பேசினார். ஹெலிகாப்டர் இறங்காமல் கடல் மேல் வட்டமடித்தது.

நான் மறுபடி தவழ ஆரம்பித்தேன். மேஸ்திரி ஓரமாக நின்று எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"வாயில இன்னா?"

"பிரசாதம்பா. கண்ணு கீற துண்டு. வூட்டுக்கு எத்துகினு போலாம்னு பாத்தேன், பசிச்சிடுச்சு."

மடியை அவிழ்த்து, பல்லால் சுரண்டிய ஓட்டைக் காட்டினார். மெக்கானிக் அதை வாங்கி, என் கையிலிருந்த தேங்காயில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது.

ஹெலிகாப்டர் இறங்கி எஞ்சின் ஓயும் வரை நான் கண்ணைத் திறக்கவில்லை.

யாருக்கும் வேலை போகவில்லை. எனக்கு ஒரு வேலை கூடியது: பெருக்கி முடித்ததும் மேஸ்திரியின் மடியையும் உதறிப் பார்க்க வேண்டும்.