சோதனைக்குத் தட்டிய பெயர்

கிளவுடில் இருந்த ஊழியர் விவர டேட்டாபேஸைத் தேடல் மென்பொருளோடு இணைக்க, குழித்துறையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். உதவிக்கு வந்தவர் அங்கே ஸ்டோர்கீப்பர். நரைத்த மீசை. கீபோர்டைத் தொடும் முன்பெல்லாம் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைப்பார்.

இணைப்பு முடிந்தது.

"ஏதாவது ஒரு பேரைத் தேடிப் பாருங்க அண்ணாச்சி."

துடைத்துவிட்டு, ஒற்றை விரலால் 'ஞானசுந்தரி' என்று தட்டினார். எதுவும் வரவில்லை.

"இங்க நர்ஸா இருந்தா மக்கா."

"இப்ப வேலையில இருக்கவங்க மட்டும்தான் வருவாங்க. அப்படித்தான் போடச் சொன்னாங்க."

"செரி. செத்தவள வேற ஆரு தேடப் போறா?"

தட்டுவதற்கு எதுவும் இல்லாதபோதும் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

அவள் அவருக்கு யாரென்று நான் கேட்டிருக்கலாம். இன்றும் எங்கே இணைப்புக் கொடுத்தாலும் சோதனைக்கு முதலில் அந்தப் பெயரைத்தான் தட்டுகிறேன். எங்குமே அவள் வந்ததில்லை.